பொய் சொல்லலாம், சத்தியம் பண்ணக் கூடாது

1. முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஆட்டம் பாதியில் நின்றுபோனது. நெட் போகவில்லை, சர்வர் படுக்கவில்லை. கூடுவாஞ்சேரியிலிருந்து ஆடிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "எம் புள்ள மேல சத்தியமா நான் நரி இல்ல" என்று சொன்னதுதான் காரணம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆப்பில் முகம் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வாய்ஸ் ரூமில் கூடுவார்கள். அவர்களில் இரண்டு மூன்று பேர் நரி, மற்றவர்கள் ஊர்க்காரர்கள். யார் யார் நரி என்பது நரிகளுக்கும், ஆட்டத்தை நடத்தும் மாடரேட்டரான எனக்கும் மட்டும்தான் தெரியும். நரிகளுக்கென்று ஒரு தனி சாட் உண்டு. "ராத்திரி" என்று நான் அறிவித்ததும் எல்லா மைக்கும் அடைபடும்; நரிகள் கலந்து பேசி ஓர் ஊர்க்காரரை அடித்துவிடுவார்கள். "விடிஞ்சாச்சு" என்றதும் ஊர் கூடிப் பேசி, சந்தேகப்படும் ஒருவரை ஓட்டுப் போட்டு வெளியேற்றும். ஊர்க்காரர்களில் ஒருவர் சோசியர். அவர் ராத்திரிக்கு ஒருவரைப் பற்றி என்னிடம் கேட்டு, அந்த ஆள் நரியா இல்லையா என்று தெரிந்துகொள்ளலாம். இன்னொருவர் வைத்தியர். அவர் ஒருவரைக் காப்பாற்றலாம். நரிகள் எல்லாரும் வெளியேறினால் ஊருக்கு வெற்றி. நரியும் ஊர்க்காரரும் எண்ணிக்கையில் சமமாகிவிட்டால் நரிக்கு வெற்றி. இந்த ராத்திரியும் பகலும் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. ஒரு மத்தியானத்துக்குள் நான்கைந்து ராத்திரிகள் வந்து போகும்.

அந்த அம்மா சத்தியம் பண்ணியதும், "அப்ப எல்லாரும் ஒவ்வொருத்தரா பண்ணுங்க" என்றார் இன்னொருவர். ஒருவர் அம்மா மேல் பண்ணினார். ஒருவர் குலதெய்வத்தின் மேல். ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் பண்ணினார். செங்கல்பட்டுப் பையன் ஒருவனின் முறை வந்தபோது, "ஹலோ, ஹலோ, சிக்னல் கட் ஆவுது" என்று சொல்லிவிட்டு ரூமைவிட்டே போய்விட்டான். அவன் நரி என்று ஊருக்கே தெரிந்தது. இன்னொரு நரியான ஒரு பெரியவர், "எனக்கு இதெல்லாம் ஒத்துவராதுங்க" என்று இறங்கிவிட்டார். ஆட்டம் செத்தது.

பக்கத்து மேசையிலிருந்து பாஸ்கர் எட்டிப் பார்த்தார். ஆப்பின் முதலாளி அவர்தான். செங்கல்பட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னை அக்கா என்பார்.

"இன்னாக்கா, ரூம் காலியாயிடுச்சு?"

"சத்தியம் பண்ணிட்டாங்க."

"பண்ணட்டும்கா. நம்ம ஆளுங்க டீக்கடைல சில்லற இல்லன்றதுக்கே சத்தியம் பண்ணுவாங்க."

"பொய் சத்தியம் பண்ண ஒருத்தருக்கும் தைரியம் வரல பாஸ்கர். பண்ணாதவன்தான் நரின்னு தெரிஞ்சிபோச்சு. இந்த ஆட்டம் ஓடணும்னா சத்தியம் இருக்கக் கூடாது."

அவர் தாடையைத் தடவினார். "வெளியூர் ஆப்புல எல்லாம் இப்டி ஒரு ரூல் பெருசா இல்லியேக்கா" என்றார். பிறகு அவரே, "சரி, எழுதி போட்ருங்க" என்றார்.

எங்கள் ஆட்டத்தின் முதல் விதி அப்படித்தான் வந்தது. பொய் சொல்லலாம், சத்தியம் பண்ணக் கூடாது. இன்றைக்கும் ரூமுக்குள் நுழைந்ததும் முதலில் தெரியும் வரி அதுதான்.

2. தொண்டைக் கனைப்பு

இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் கூடுவாஞ்சேரியில் ஒரு கால் சென்டரில் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். மற்றவர்கள் பேசிய கால்களைக் கேட்டு, எங்கே பேச்சு கெட்டது என்று குறிப்பது என் வேலை. கம்பெனி வேறு ஊருக்குப் போனது, நான் போகவில்லை. ஊரப்பாக்கத்தில் ஒரு பெயின்ட் கடை மாடியில் இருந்த பாஸ்கரின் ஆபீசுக்கு ஒரு தோழி அனுப்பிவைத்தாள். காது பழகியிருந்தது, மற்றதெல்லாம் புதிது.

மாடரேட்டரைச் சுருக்கி 'மாட்' என்று ஆட்டக்காரர்கள் எழுதுவார்கள். ஒரே வாரத்தில் அது 'மாடு' ஆயிற்று. "மாடு அக்கா, விடிஞ்சிதா?" என்று கேட்பார்கள். நான் திருத்தவில்லை. எல்லாவற்றையும் தெரிந்துவைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் அசைபோடுவதுதானே வேலை.

வாயைத் திறக்காமல் இருப்பதுகூட எளிதில்லை என்று காட்டியவர் கல்பாக்கத்து ராஜாமணி சார். அங்கே கேன்டீன் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு ஆட்டம் முடிந்ததும் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. வைத்தியர் யாரையாவது காப்பாத்திட்டா, விடிஞ்சாச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி நீங்க தொண்டைய கனைக்கிறீங்க. யாராவது செத்திருந்தா கனைக்கறதில்ல. நான் ரெண்டு வாரமா அத வெச்சிதான் ஜெயிச்சிகினு கீறேன். மனசு கேக்கல, அதான் சொல்லிட்டேன்."

பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னது சரி. அன்றிலிருந்து அறிவிப்புகளை ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒரே குரலில் வாசிக்கப் பழகினேன். செத்தாலும் பிழைத்தாலும் ஒரே ஏற்ற இறக்கம். நரிகள் சட்டென்று முடிவெடுத்தாலும், சண்டை போட்டு இழுத்தாலும், ராத்திரியின் நீளத்தை ஒன்றாகவே வைத்தேன். கேள்வி கேட்பவர்களுக்கு நான் எழுதும் பதில்கூட ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். நல்ல பொய் ஒன்று கண்முன் நடக்கும்போது சிரிக்கவும் முடியாது; அதுதான் பெரிய கஷ்டம்.

3. ஒரே வூட்டுக்குள்ள ரெண்டு போன்

இது சின்ன விஷயம்தான், ஆனால் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இதில் மாட்டுகிறார்கள். செங்கல்பட்டில் ஒரு கணவனும் மனைவியும் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து ஆடினார்கள். பகல் பேச்சு ஆரம்பித்ததும் மனைவி சொன்னார்:

"நான் ஒண்ணும் கண்டுபுடிக்கல. ராத்திரின்னு அக்கா சொன்னதும் பக்கத்து ரூம்ல இவரு டொக்கு டொக்குன்னு டைப் பண்ற சத்தம் கேட்டுது. இவருதான் நரி."

கணவர், "எங்க ஆபீஸ் மெயில்மா அது" என்றார். ஊர் நம்பவில்லை. வெளியே போனார். அன்று இரவுச் சாப்பாடு அவருக்கு வெளியில்தான் என்று பிறகு எழுதியிருந்தார். ஒரு வீட்டிலிருந்து ஒருவர்தான், அவரும் ஹெட்செட் போட்டுத்தான் ஆட வேண்டும் என்று விதி போட்டேன். ஹெட்செட் போட்டாலும் சில சத்தங்கள் வரும். ஊரப்பாக்கத்துக்காரர்களுக்கு ரயில் சத்தம், கடற்கரைக் குப்பத்துக்காரர்களுக்கு அலைச் சத்தம். அவற்றுக்கு விதி போட முடியாது.

4. இறுதி ஆட்டம்

இரண்டாவது சீசன் முடியும் சமயம், பெங்களூரில் ஒரு கம்பெனி எங்கள் ஆப்பை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு வந்தது. அவர்களுக்கு ஒரே ஒரு சந்தேகம்: மாடரேட்டர் எதற்கு, சாஃப்ட்வேரே ஆட்டத்தை நடத்திவிடாதா? கெட்ட வார்த்தை வந்தால் அதுவே மைக்கை மூடிவிடும், ஓட்டையும் அதுவே எண்ணிவிடும் என்றார்கள். இறுதி ஆட்டத்தை நேரலையில் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாக இருந்தது. அப்போது எங்கள் ஆபீசில் என்னோடு சேர்த்து நான்கு மாடரேட்டர்கள். நான்கு பேரின் வேலையும் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இறுதி ஆட்டத்துக்கு வந்த பதினொரு பேரில் மூன்று பேரை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒருவர் தேவகி. மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பம். கரையில் ஏலம் எடுத்து, பஸ் ஏறி செங்கல்பட்டு மார்க்கெட்டில் விற்கிறவர். திரும்பி வரும் பஸ்ஸில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆட ஆரம்பித்து, இரண்டு சீசனில் எல்லாரும் பயப்படும் ஆட்டக்காரராகிவிட்டார். இன்னொருவர் நிர்மலா, செங்கல்பட்டில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. மெல்லப் பேசுவார், யார் பேசினாலும் கேட்டு முடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். மூன்றாவது சுரேஷ், கூடுவாஞ்சேரி பக்கம் மனை புரோக்கர். சத்தமாகச் சிரிக்க வைப்பார். அவர் பேச்சைக் கேட்பதற்கென்றே ஒரு கூட்டம் ரூமுக்கு வரும்.

அன்று யாருக்கு எந்த வேஷம் என்று சீட்டு விழுந்தபோது தேவகியும் நிர்மலாவும் நரி. சுரேஷ் சோசியர். மூன்றாவது நரியை ஊர் சீக்கிரமே பிடித்து வெளியேற்றிவிட்டது. வைத்தியரும் அடிபட்டுப் போனார். ஏழு பேர் மிச்சமிருந்த ராத்திரியில் சுரேஷ் என்னிடம் தேவகியைப் பற்றிக் கேட்டார். நரி என்று பதில் சொன்னேன்.

விடிந்தபோது ஆறு பேர்; சுரேஷ்தான் முதலில் பேசினார். "தேவகிதான் நரி. எல்லாரும் அவங்களுக்கு ஓட்டு போடுங்க."

"எப்டி சொல்ற மச்சான்?" என்றார் ஊரப்பாக்கம் ஆட்டோக்காரர் சீனு. அவர் அசல் ஊர்க்காரர், நரி இல்லை.

சுரேஷ் தன்னைச் சோசியர் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த ராத்திரி நரி தன்னை அடித்துவிடும் என்று பயம். அதனால் கையில் இருந்த உண்மையை மறைத்துவிட்டு, வேறொன்றை எடுத்தார்.

"காரணம் வேணுமா? இவங்க இன்னா தொழில் பண்றாங்கன்னு தெரியும்ல. முந்தா நாள் செத்தத இப்பதான் புடிச்சதுன்னு விக்கிறவங்க. அவங்க ஆளுங்களுக்கு பொய்யி பொறப்புலயே வந்தது. மைக்ல கூட கவுச்சி அடிக்குது பா."

யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். தேவகி பதில் சொல்லவில்லை. அவருடைய மைக் திறந்தே இருந்தது. அதன் வழியாக அலைச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"பாரு, பேச்சே இல்ல. மாட்டிகினாங்க" என்றது ஒரு குரல். "ஆமா, நரி இல்லன்னா இந்நேரம் கத்தியிருப்பாங்க" என்றது இன்னொன்று.

என் காதுக்குள் ஏதோ சுட்டது. அவர்களைப் பொறுத்தவரை அந்த மௌனம் ஒரு துப்பு. நரி அகப்பட்டுவிட்டது, அதனால் பேச்சில்லை. அது ஆட்டத்தின் மௌனம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் தேவகி உண்மையிலேயே நரி என்பதும் எனக்குத் தெரியும். சுரேஷ் சொன்ன முடிவு சரி. சொன்ன காரணம் அசிங்கம். சுரேஷை வெளியேற்றினால் ஊர் தன் சோசியரை இழக்கும், நரிக்கு நான் ஆட்டத்தைத் தூக்கிக் கொடுத்தது போலாகும். வெளியேற்றாவிட்டால், அந்தப் பேச்சுக்கு நானும் தலையாட்டியது போலாகும்.

எல்லா மைக்கையும் மூடினேன். "ஆட்டம் நிறுத்தி வைக்கப்படுகிறது. காத்திருங்கள்" என்று அதே ரயில் நிலையக் குரலில் சொன்னேன்.

பாஸ்கர் ஓடி வந்தார். யார் நரி, யார் சோசியர் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லக் கூடாது. அதனால் எனக்கு எது கஷ்டம் என்பதைக்கூட அவரிடம் விளக்க முடியவில்லை.

"அக்கா, அவரு பேசினது தப்புதான். ஒரு வார்னிங் குடுத்துட்டு வுட்ருங்க. அவர தூக்கினா அவரு ஆளுங்க மொத்தமா எறங்கிடுவாங்க. பெங்களூர்காரங்க வேற கேட்டுகினு கீறாங்க."

"கேக்கட்டும். வார்னிங் குடுத்துட்டு ஆரம்பிச்சா, அந்தம்மா அந்தப் பேச்சத் தலைல வெச்சிகினு மிச்ச ஆட்டம் ஆடணும். ஆட முடியுமா உன்னால?"

"அப்ப ஆட்டத்தையே கேன்சல் பண்ணிடலாமா?"

"மத்தவங்க இன்னா தப்பு பண்ணாங்க?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். நான் யோசித்தது இதுதான்: தப்பு பண்ணியது ஆள். சோசியர் என்ற இடம் ஊருக்குச் சொந்தம், சுரேஷுக்குச் சொந்தமில்லை.

"ஆள மாத்தறேன் பாஸ்கர். சீட்ட மாத்தல."

"அப்டி ரூல் இருக்கா?"

"இல்ல. இன்னிலருந்து இருக்கு."

சுரேஷைத் தனி லைனில் கூப்பிட்டேன். "சார், நீங்க இந்த ஆட்டத்துலருந்து வெளிய போறீங்க."

"இன்னாக்கா, கேம்தானே? பொய் சொல்றதுதானே ஆட்டமே."

"நரின்னு சொல்லுங்க, பொய்க்காரின்னு சொல்லுங்க, அது ஆட்டம். நீங்க அவங்க பொறப்ப சொன்னீங்க, சோத்த சொன்னீங்க. அது ஆட்டத்துல இல்ல."

"ஆனா நான் சொன்னது கரெக்டுன்னு உங்களுக்கே தெரியும்க்கா. நான் சோசியர். அவங்க நரி."

"தெரியும் சார். அத சொல்லியிருக்கலாம்."

சுரேஷ் லைனைத் துண்டித்தார். பிறகு அவர் வெளியே போனார்.

பெரிய ஆட்டங்களுக்கு யாருக்காவது நெட் போனால் இருக்கட்டும் என்று ஒரு ஆளை ரிசர்வில் வைத்திருப்போம். அன்று ரிசர்வ், கல்பாக்கம் ராஜாமணி சார். மற்றவர்கள் கேட்டதைத்தான் அவரும் கேட்டிருந்தார், அதற்கு மேல் எதுவும் தெரியாது. அவருக்குச் சுரேஷின் சீட்டைக் கொடுத்தேன். அந்தச் சீட்டு இதுவரை ராத்திரிகளில் யார் யாரைக் கேட்டது, என்ன பதில் கிடைத்தது என்பதையும் அப்படியே கொடுத்தேன். ஊருக்குக் குறைவும் இல்லை, கூடுதலும் இல்லை.

அடுத்தது தேவகி. அவரிடம் மட்டும் "ஆட முடியுமா" என்று கேட்டால், நான் அவருக்காக இறங்கி வருவது மற்றவர்களுக்கு எப்படியாவது தெரிந்துபோகும். அதனால் மிச்சமிருந்த ஐந்து பேருக்கும் ஒரே கேள்வியை அனுப்பினேன்: தொடர்ந்து ஆட விருப்பமா? நான்கு பேர் உடனே ஆம் என்றார்கள். தேவகியிடமிருந்து பதில் வரவில்லை. அவர் மாட்டேன் என்று போய்விட்டால் நான் செய்ததற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வரி வந்தது. "அந்தாளு கீறானா போயிட்டானா?"

"எல்லோருக்கும் அறிவிக்கும்போது உங்களுக்கும் தெரியும்" என்று எழுதினேன். அதைத் தவிர எனக்கு எழுத உரிமை இல்லை.

இன்னொரு வரி வந்தது. "சரி. ஆடறேன்."

மைக்கைத் திறக்குமுன் அறிவித்தேன். ஒரு ஆட்டக்காரர் இன்னொருவரின் பிறப்பையும் தொழிலையும் இழித்துப் பேசியதால் வெளியேற்றப்பட்டார். அவர் சீட்டில் வேறொருவர் ஆடுவார். அந்தப் பேச்சிலிருந்து ஆட்டம் நின்றது வரை நடந்தது எதுவும் கணக்கில் இல்லை. யார் பேசினார், யார் பேசாமல் இருந்தார் என்பதைக் காரணமாகக் காட்டுகிறவரும் வெளியேற்றப்படுவார். பேச்சு தொடரலாம்.

5. மிச்ச ஆட்டம்

முதலில் ராஜாமணி சார் பேசினார். "வணக்கம். நான் சோசியர். மறைச்சி பிரயோஜனம் இல்ல, சொல்லிடறேன். நேத்து ராத்திரி தேவகி அம்மாவ பாத்தேன். நரி. அவங்க தொழிலுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அலைச் சத்தம் கேட்டது.

"இன்னா சார் நீ, வந்ததும் வராததுமா என் சீட்டுலயே கைய வெக்கிற" என்றார் தேவகி. "நான்தான்யா சோசியர்."

ரூம் முழுக்கச் சிரித்தது. இது வேறு சிரிப்பு. தேவகியும் சேர்ந்து சிரித்தார். ஆட்டம் மறுபடி உயிர் பெற்றுவிட்டது என்று அந்த நொடி தெரிந்தது.

நரிகளின் தனி சாட் என் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. "அக்கா, நான் உங்க பக்கம் பேசறேன்" என்று நிர்மலா எழுதினார்.

தேவகி எழுதினார்: "வேணாம். என்ன வுட்டுடு. நீயே மொதல்ல என்ன மாட்டிவுடு."

அடுத்த வரி: "ரெண்டாவது ராத்திரி யார பாத்தன்னு கேளு."

ரூமில் நிர்மலா மெல்ல ஆரம்பித்தார். "தேவகி அக்கா, நீங்க சோசியர்னா மொத ராத்திரி யாரப் பாத்தீங்க?"

"சீனுவ. தங்கமான மனுசன். ஊர்க்காரரு."

"ரெண்டாவது ராத்திரி?"

"பரிமளாவ."

"பரிமளா மொத பகல்லயே வெளிய போயிட்டாங்களேக்கா. இல்லாத ஆள எப்டி பாத்தீங்க?"

சீனு, "ஐய, மாட்டிகினாங்கடா" என்று கைதட்டினார். தேவகி தடுமாறுவது போல் தடுமாறினார். ஏலத்தில் வேண்டாத மீனுக்கு விலை ஏற்றிவிட்டு விலகிக்கொள்கிறவர் இப்படித்தான் தடுமாறுவார் போல. நிர்மலாதான் முதல் ஓட்டுப் போட்டார். தேவகியைத் தவிர எல்லாரும் அதையே போட்டார்கள். தேவகி வெளியேறினார், நரி என்று அறிவித்தேன். ஊர் குதித்தது. நரியைப் பிடித்துக் கொடுத்த நிர்மலாவை ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள்.

ராத்திரியில் நிர்மலா ராஜாமணி சாரை அடித்தார். விடிந்தபோது நான்கு பேர். ஒரு நரி எங்கோ மிச்சம் இருக்கிறது என்று ஊருக்குத் தெரியும். நிர்மலா மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

"ஒரு சின்ன விஷயம்" என்றார் நிர்மலா. "தேவகி அக்கா நரி. அவங்க போறதுக்கு முன்னாடி ஒருத்தர மட்டும் தங்கமான மனுசன்னு சொன்னாங்க. ஒரு நரி ஏன் இன்னொருத்தர அப்டி தூக்கி வெச்சி பேசணும்?"

மற்ற இருவரும் சீனுவின் பக்கம் திரும்பினார்கள். "நான் ஆட்டோ ஓட்றவன் பா, எனக்கு இன்னா தெரியும்?" என்று சீனு மன்றாடினார். நடக்கவில்லை. சீனு போனார், ஊர்க்காரர் என்று அறிவித்தேன். அடுத்த ராத்திரி நிர்மலா இன்னொருவரை அடிக்க, ஒரு நரி, ஒரு ஊர்க்காரர் என்று சமமானார்கள்.

"ஆட்டம் முடிந்தது. வென்றவர்கள் நரிகள்" என்று வாசித்தேன். குரல் மாறாமல் வாசித்து முடித்துவிட்டு, என் மைக்கை மூடிக்கொண்டு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். தேவகி தன்னையே கொடுத்து நிர்மலாவுக்கு ஊரின் நம்பிக்கையை வாங்கிக் கொடுத்தார். போகிற போக்கில் சீனுவை ஒரு வார்த்தை புகழ்ந்து, அந்தப் புகழாலேயே அவரைக் கவிழ்த்தார். அதுவும் அவமானப்பட்ட கொஞ்ச நேரத்துக்குள். நான் நடத்திய ஆட்டங்களில் அதைவிட அழகான ஒன்றை இதுவரை பார்க்கவில்லை.

எல்லா மைக்கும் திறந்ததும் சீனுவின் குரல்தான் முதலில் வந்தது. "நிர்மலாம்மா, உனக்கு நான் மாலையே வாங்கியிருப்பேனேம்மா."

பாஸ்கர் தன் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சுரேஷுக்காக வந்தவர்களில் சிலர் இறங்கியிருந்தார்கள். மற்றவர்கள் அப்படியே இருந்தார்கள், கமெண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. அப்போதே பெங்களூரிலிருந்து போன் வந்தது. பாஸ்கர் ஸ்பீக்கரில் போட்டார். இதையே சாஃப்ட்வேர் நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தப் பக்கம் கேட்டார்கள்.

"ஒண்ணும் ஆயிருக்காது சார்" என்றார் பாஸ்கர். "அவரு பேசினதுல ஒரு கெட்ட வார்த்த கூட கெடையாது. தொழிலு, பொறப்பு, கவுச்சி. எத புடிச்சி மைக்க மூடும்? அந்தம்மா பேசாம இருந்தத எப்டி கேக்கும்?"

அந்தப் பதில் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது; மாடரேட்டர்கள் தொடர்ந்தோம். இன்று எங்கள் ஆபீசில் ஒரு வரிசை முழுக்க மாடரேட்டர்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஆள் மாறலாம், சீட்டு மாறாது என்பது இப்போது அச்சடித்த விதி.

6. தேவகி சொன்னது

பரிசளிப்பை மாமல்லபுரத்தில் ஒரு சின்ன ஹாலில் வைத்தோம். தேவகி மார்க்கெட்டிலிருந்து நேரே வந்தார், கணவரும் இரண்டு பெண்களும் குப்பத்திலிருந்து வந்திருந்தார்கள். நிர்மலாவும் அவரும் அன்றுதான் முதன்முதலாக நேரில் பார்த்துக்கொண்டார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டு பிரிய நேரமாயிற்று.

சாப்பாட்டின்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் தேவகி. நான் கேட்காமலேயே சொன்னார்.

"அன்னிக்கு எனக்கு பதில் தெரியாம இல்லக்கா. மார்க்கெட்ல அதுக்கு மேல கேட்டவ நானு, அதுக்கு மேல குடுத்தும் கீறேன். ஆனா அங்க கத்தினா, நரி கத்துதும்பாங்க. அழுதா, நடிக்கிறாம்பாங்க. இன்னா பண்ணாலும் அத ஆட்டத்துல சேத்துக்குவாங்க. அதான் மைக்க தொறந்து அப்டியே வுட்டுட்டேன். யாருக்காச்சும் கேக்குதான்னு பாப்பம்னு."

"கேட்டுது" என்றேன்.

"அதான் திரும்பி வந்தேன்" என்றார். பிறகு, "இந்த கறி நல்லா கீது, இன்னும் ரெண்டு வெச்சுக்க" என்று என் இலையைக் காட்டிப் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார்.

சுரேஷை ஒரு சீசன் முழுக்க நிறுத்தி வைத்தோம். அடுத்த சீசனில் அவர் திரும்பி வர அனுமதி கேட்டபோது, சீட்டுப் போடுவதற்கு முன்னால், ரூமில் எல்லாரும் கேட்க, தேவகியிடம் பேச வேண்டும் என்றேன். பேசினார். சுற்றி வளைக்கவில்லை, கேம்தானே என்று சொல்லவில்லை.

"நான் பேசினது தப்பு. உங்க தொழிலயும் உங்க ஆளுங்களயும் பேச எனக்கு ஒரு அருகதையும் இல்ல. மன்னிச்சிக்கோங்க."

தேவகி யோசித்துவிட்டுச் சொன்னார். "சரி. மன்னிச்சிட்டேன். இத ஆட்டத்துக்கு வெளிய சொன்ன பாத்தியா, அதனால நம்பறேன். உள்ள வந்தப்பறம் நீ சொல்ற ஒரு வார்த்தய நம்ப மாட்டேன்."

அன்று அவர்கள் இருவரும் ஆட்டம் முழுக்க ஒருவரை ஒருவர் நரி என்றும் புளுகுமூட்டை என்றும் ஆசை தீரத் திட்டிக்கொண்டார்கள். நான் ஒரு தடவைகூட மைக்கை மூட வேண்டி வரவில்லை.

புதிதாக இந்த நாற்காலிக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மனிதர்கள் இப்படிப் பயமில்லாமல் ஒருவரை ஒருவர் பொய்க்காரர் என்று திட்டி விளையாட வேண்டுமென்றால், எதைத் திட்டக் கூடாது என்பதில் யாராவது ஒருவர் உறுதியாக நிற்க வேண்டும். திட்டுகிறவர் ஆட்டத்தில் சரியான பக்கம் இருந்தாலும், அவரை நிறுத்தினால் கூட்டம் கலைந்துவிடும் என்று தோன்றினாலும், நிற்க வேண்டும். அப்படி நிற்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.